கடலூரை அளந்த கதை: லாம்ப்டனின் சங்கிலி முதல் ட்ரோன் வரை

கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் திருவந்திபுரம் தெரியும். தேவநாதசுவாமி கோவில், பக்கத்தில் சின்னக் குன்றின் மேல் ஹயக்ரீவர், முகூர்த்த நாளானால் வரிசையாகக் கல்யாணங்கள். ஆனால் பூமி எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டவர்கள் வந்து நின்று நட்சத்திரம் பார்த்த ஊர் அது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நானும் அதைத் தேடிப் போகவில்லை. ட்ரோனுக்கு ஒரு மேப் தேடப் போன இடத்தில் கிடைத்த கதை இது.

நான் படிப்பது பி.காம். பூகோளத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்துவிட்டது. என் நண்பன் ஒருவன் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு குட்டி ட்ரோனைக் கோத்து முடித்தான். எடை 250 கிராமுக்குள். அதைப் பறக்கவிட நாலு பேராகக் காட்டுமன்னார்கோவில் பக்கம் அவன் வீட்டு வயலுக்குப் போனோம். அறுவடை முடிந்த வெற்று நிலம், காற்றும் அதிகமில்லை. எல்லாம் சரி. ஆனால் போன் திரையில் ட்ரோன் இருக்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வயலும் வாய்க்காலும் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. "நெட் இல்லாட்டி ஜி.பி.எஸ்.ஸும் வேலை செய்யாதாடா?" என்று கூட வந்தவன் கேட்டான்.

நல்ல கேள்வி. பலபேர் இரண்டையும் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜி.பி.எஸ். என்பது சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ சிக்னல். அதைக் கேட்க நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம், காசும் வேண்டாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் வந்தது. நாம் வயலில் ட்ரோன் விடுவதெல்லாம் அதற்குப் பிறகு சாத்தியமான விஷயம்.

ஆக ட்ரோனுக்குத் தன் இடம் தெரியும். கிளம்பிய இடத்தை இரண்டு எண்களாக, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையாகக் குறித்து வைத்துக்கொள்ளும். ரிமோட் தொடர்பு அறுந்தால் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அதற்கு மேப் தேவையே இல்லை. மேப் தேவைப்படுவது நமக்கு. அந்த எண் வரப்பா, வாய்க்காலா, அடுத்தவர் வீட்டுக் கொல்லையா என்று தெரிய வேண்டியது மனிதனுக்குத்தான். அந்தப் படம் சின்னச் சின்னச் சதுரங்களாக எங்கோ ஒரு சர்வரில் இருந்து நெட் வழியாக வருகிறது. நெட் இல்லாவிட்டால் சாம்பல் கட்டம்.

அப்படியானால் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போனால் முடிந்தது. ஆனால் எந்தப் படத்தை? யார் வரைந்ததை? அது சரியாக இருக்கும் என்று எதை நம்புவது? இந்த இடத்தில்தான் 1802க்குப் போக வேண்டியிருக்கிறது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் தெற்கே ஏராளமான நிலம் வந்து சேர்ந்தது. நிலம் இருக்கிறது, அதன் சரியான படம் இல்லை. வரி வாங்கவும் படையை நகர்த்தவும் படம் வேண்டும். வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தார். ஒரு கோட்டை மட்டும் தரையில் மிகத் துல்லியமாக அளந்துவிட வேண்டும். பிறகு அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் போதும். மற்ற இரண்டு பக்கங்களின் நீளமும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அடுத்தது.

முதல் கோடு சென்னையில். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அருகே தொடங்கி, சுமார் ஏழரை மைல் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். 57 நாள் ஆனது. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று சொன்ன கருவிகளில் ஒன்று அது. கோணம் அளக்கும் தியோடலைட் லண்டனில் செய்தது, எடை அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது விஞ்ஞானக் கருவி என்று மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள். எதிரிதான், ஆனாலும் அனுப்பினார்கள். (இன்றைக்குக் கஸ்டம்ஸில் மாட்டிய ட்ரோன் பாகம் அப்படித் திரும்பி வருமா என்று தெரியவில்லை :-))

சென்னையிலிருந்து முக்கோணங்கள் கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கி வந்தன. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி 1690லேயே வாங்கியிருந்தது. 1783இல் அதே கடலூரில் பிரெஞ்சுக்காரர்களோடு பெரிய சண்டையும் நடந்திருந்தது. எனவே அவர்களுக்கு இது பழகிய ஊர். லாம்ப்டன் எழுதிய அறிக்கையில் தெற்கு முனையின் பெயர் 'டிரிவன்டிபோரம்' என்று இருக்கிறது. அட்சரேகை 11 டிகிரி 44 நிமிடம் 52 விநாடி. இந்த எண்ணைப் போனில் போட்டுப் பாருங்கள், நேரே திருவந்திபுரத்தில் கொண்டுபோய் விடும். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு எண், இன்றைய மேப்பில் அதே ஊரைக் காட்டுகிறது!

வடக்கு முனை 13 டிகிரி 19 நிமிட அட்சரேகையில் 'பாட்ரி' என்று அவர்கள் எழுதிய ஓர் இடம். இரண்டு முனைகளிலும் ஒரே நட்சத்திரம் உச்சி வானத்திலிருந்து எவ்வளவு கோணம் தள்ளிப் போகிறது என்று இரவிரவாகப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். தரையில் அதற்கான தூரம் முக்கோணக் கணக்கில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. வகுத்தால், இந்த அட்சரேகையில் வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது எவ்வளவு நீளம் என்று வந்துவிடும். அவர்களுக்கு வந்த விடை நம் கணக்கில் ஏறக்குறைய 110.6 கி.மீ. இன்றைய விடையும் 110.6 கி.மீ.தான். பூமி சரியான உருண்டையா, துருவத்தில் தட்டையா என்ற பெரிய கேள்விக்கு இந்தியாவிலிருந்து போன முதல் பதில்களில் ஒன்று கெடிலக் கரையிலிருந்து போனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே நம்பவில்லை என்பது. முக்கோணங்கள் மேற்கே பெங்களூர் போய்ச் சேர்ந்ததும், 1804இல் அங்கே இன்னொரு கோட்டைத் தரையில் சங்கிலி வைத்து அளந்தார்கள். சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளமும் சங்கிலியில் அளந்த நீளமும் சில அங்குலங்கள்தான் வேறுபட்டன. எங்கள் பாஷையில் சொன்னால், இருப்பாய்வு எடுத்து டேலி பார்த்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை, மங்களூர் வரை போய் தீபகற்பத்தின் குறுக்கு அகலத்தையும் அளந்தார்கள். பழைய படங்களில் 400 மைல் என்று இருந்தது 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது!

கடலூருக்குத் தெற்கே அவர்களுக்கு வேறு தொல்லை. மலை கிடையாது. கொள்ளிடத்தைத் தாண்டினால் எங்கே பார்த்தாலும் ஒரே மட்டம், தென்னையும் பனையும் மறைக்கும். உயரம் வேண்டுமானால் கோவில் கோபுரம்தான். அப்படி 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. லாம்ப்டன் கூடாரத்தைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து தட்டித் தட்டி அதை நேராக்கினார். சிதம்பரம் கோபுரங்கள் சுமார் 40 மீட்டர் உயரம். தென்னந்தோப்புக்கு மேலே பார்வை போக அவர்கள் பட்ட பாட்டை, 250 கிராம் பொம்மை ஒன்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் உயரத்தில் தொலைநோக்கி வைத்தால், வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று சில ஊர்களில் ஜனங்கள் சண்டைக்கு வந்தார்களாம். இன்று ட்ரோன் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து நம்மை முறைப்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானது என்பது என் கட்சி.

கடலூர் வில் ஒரு ஒத்திகை மாதிரி. பெரிய வில் பிறகு 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரிப் பக்கமிருந்து இமயமலை வரை போனது. 1823இல் வேலையின் நடுவே ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்ப்டன் இறந்தார். தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட், சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். இந்த அளவைகளை வைத்து 1830இல் அவர் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு கொடுத்தார். இந்தியாவின் சர்வே படங்கள் எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக அந்த 'எவரெஸ்ட் 1830' பூமியின் மேல்தான் வரையப்பட்டன.

ட்ரோன் விடுகிறவர்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது 1984இல் உருவான வேறு ஒரு பூமிக் கணக்கு, 'டபிள்யூ.ஜி.எஸ். 84'. எவரெஸ்ட் பூமியின் நடுக்கோட்டு ஆரத்தை விட இதன் ஆரம் சுமார் 861 மீட்டர் அதிகம். இரண்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. விளைவு, நெட்டில் கிடைக்கும் ஒரு பழைய சர்வே தாளை ஸ்கேன் செய்து, அதில் அச்சான அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே நம்பி போனில் ஆஃப்லைன் மேப்பாகப் போட்டால், நம் பக்கத்தில் எல்லாமே நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும். வீராணம் ஏரிக்கரையில் இருநூறு மீட்டர் என்றால் மேட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம். படம் தப்பில்லை, ஜி.பி.எஸ்.ஸும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு பூமியைப் பற்றிப் பேசுகின்றன. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் எது எந்தப் பூமி என்று முதலில் தாளின் ஓரத்தைப் படிக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த தாளுக்கு ஏன் போக வேண்டும், கடையில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். கோபம் வருகிற இடம் இதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு பல ஆண்டுகள், கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் சுமார் 80 கி.மீ. உள்ளே வரை சர்வே ஆஃப் இந்தியாவின் விரிவான படங்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடை செய்யப்பட்டிருந்தன. கடலோரத்திலிருந்து 80 கி.மீ. கோடு போட்டுப் பாருங்கள். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் எல்லாம் உள்ளே. கிட்டத்தட்ட மாவட்டமே உள்ளே. இந்தியாவில் முதலில் துல்லியமாக அளந்த நிலங்களில் ஒன்று, ஆனால் அங்கே வயல் வைத்திருப்பவன் தன் ஊர்ப் படத்தைச் சாதாரணமாக வாங்க முடியாது. எதிரி நாட்டுக்காரன் மேலே செயற்கைக்கோள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலும் இதே கதைதான்.

2005இல் தேசிய வரைபடக் கொள்கை வந்தது. பொதுமக்களுக்கு ஒரு வரிசை, ராணுவத்துக்கு ஒரு வரிசை என்று படங்களை இரண்டாகப் பிரித்தார்கள். மக்களுக்கான வரிசை டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு மாறியது. அப்படியும் சுலபமாகக் கைக்கு வரவில்லை. 2013இல் கூகுள் 'மேப்பத்தான்' என்று போட்டி வைத்து ஊர் ஊராக இடங்களைக் குறிக்கச் சொன்னபோது சர்வே ஆஃப் இந்தியா புகார் கொடுத்து, விவகாரம் சி.பி.ஐ. விசாரணை வரை போனது. 2016இல் வந்த ஒரு மசோதா வரைவு, அனுமதியில்லாமல் இந்திய வரைபடத் தகவலை வைத்திருந்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்றது. எதிர்ப்பு கிளம்பி அது சட்டமாகாமல் போனது. 2017இல் அதே சர்வே ஆஃப் இந்தியா 'நக்ஷே' என்ற தளத்தில் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டது. 2021 பிப்ரவரி 15ஆம் தேதி வந்த வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடத் தகவலைச் சேகரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டன. ஐந்தே வருடத்தில் 100 கோடி அபராதத்திலிருந்து அனுமதியே வேண்டாம் என்பது வரை!

இதற்கிடையில் யாரையும் கேட்காமல் ஒரு கூட்டம் படம் வரைந்துகொண்டிருந்தது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிபீடியா மாதிரி. யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவைச் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். இன்றைக்குப் பல ஆஃப்லைன் மேப் செயலிகளுக்கு உள்ளே இருப்பது அதுதான்.

ட்ரோன் பக்கத்திலும் கிட்டத்தட்ட இதே பூட்டும் திறப்பும். 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரே அறிவிப்பில் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதை நிறுத்தியது. விதிமுறைகள் 2018 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. (அந்த வருடம்தான் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகராக இருந்து, ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினார்கள். நம் ஊரில் பலர் ட்ரோன் என்ற வார்த்தையைக் கேட்டதே அப்போதுதான்!) 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நிறையத் தளர்த்தின. 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கும், வியாபாரமில்லாமல் விடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். அடுத்த மாதமே நாடு முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வான்வெளி மேப் வெளியிட்டார்கள். பச்சையில் 400 அடி வரை, அதாவது சுமார் 120 மீட்டர் வரை, மண்டல அனுமதி தேவையில்லை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது.

இதிலும் ஆஃப்லைன் சிக்கல் ஒன்று உண்டு. அந்த வண்ண மேப் நெட்டில் இருக்கிறது, வயலில் நெட் இல்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போகலாம் என்றால், ஒரு இடத்தைச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. எனவே போன மாத ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, கிளம்புகிற அன்று பார்க்க வேண்டும். வாய்க்கால் இடம் மாறாது, விதி மாறும். பிச்சாவரம் மாதிரிக் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி தனி.

நண்பன் இப்போது பயன்படுத்துவது கியூகிரவுண்ட்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள். அதில் ஆஃப்லைன் மேப் என்றே ஒரு பகுதி இருக்கிறது. வேண்டிய இடத்தைச் சதுரமாகக் காட்டி, எவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், எத்தனை துண்டுப் படங்கள், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லி இறக்கித் தருகிறது. கணக்கு இப்படி. 17ஆம் நிலையில் ஒரு துண்டு நம் பக்கத்தில் சுமார் 300 மீட்டர் சதுரம். 5 கி.மீ.க்கு 5 கி.மீ. என்றால் முந்நூறு துண்டு போல. ஒரு நிலை நெருங்கினால் நாலு மடங்கு, 1,200. இன்னொன்று நெருங்கினால் 4,800. அதனால் மாவட்டம் முழுவதையும் 19இல் இறக்க ஆசைப்படாதீர்கள். பறக்கும் இடத்தை மட்டும் 18 வரை, சுற்றுப்புறத்தை 15 வரை என்றால் போதும். கூகுள் மேப்பின் ஆஃப்லைனில் சாலைதான் வரும், செயற்கைக்கோள் படம் வராது. வயலுக்கு அது உதவாது. எந்தப் படமானாலும் மரத்தின் உயரம் தெரியாது. திரும்பி வரும் உயரத்தைத் தென்னைக்கும் செல் டவருக்கும் மேலே வைப்பது நம் பொறுப்பு. நெட் இல்லாத இடத்தில் போனின் ஜி.பி.எஸ். முதல் தடவை பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும், பொறுமையாக நில்லுங்கள்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவா என்று அவன் வீட்டில் கேட்டார்கள். ஆனால் நம் மாவட்டத்தில் நெட் இல்லாமல் போவது வயலில் மட்டுமா? 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டி பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் டவர் எவ்வளவு நேரம் தாங்கும்? 2015 வெள்ளத்தின்போது சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஜனங்களே குறித்தார்கள். அதே பருவமழை கடலூரையும் மூழ்கடித்தது, ஆனால் பேசப்பட்டது சென்னை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூருக்குள் புகுந்தது. எந்தத் தெருவில் முதலில் ஏறியது, எந்த மேட்டில் ஏறவில்லை என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். ஒரு படத்தில் குறித்து வைத்திருக்கிறார்களா?

வெள்ளத்தின் நடுவே நாங்கள் ட்ரோன் எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. ஹெலிகாப்டர் பறக்கும் இடத்தில் பொழுதுபோக்கு ட்ரோன் ஆபத்து. ஆனால் மழைக்கு முன்னால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. போன மாதம் நண்பனின் ஊரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திறந்து பார்த்தோம். பெரிய சாலை, ஒரு கோவில், ஏரி, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் இல்லை, ரேஷன் கடை இல்லை, மதகு இல்லை, குறுக்குப் பாதை ஒன்றும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேலே ஒருவன் பறந்தான், கீழே மூன்று பேர் நடந்தோம். வயலில் இருந்த பெரியவர் ஒருவர், "கணக்கெடுப்பாப்பா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் படத்தில் இல்லாத ஒரு மதகைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இதுவரை மூன்று மதகு, பள்ளிக்கூடம், இரண்டு நடைபாதை ஏற்றியிருக்கிறோம். வடக்குத் தெரு பாக்கி, ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.